பாலம் என்று எழுதும்போது: இஸ்லாமியக் கலையும் செய்திச் சட்டகமும்

சேலம் பதிப்பு நாளிதழ்களில் ஆண்டுக்குச் சிலமுறையாவது தவறாமல் வரும் படம் ஒன்று உண்டு. புதுப்பித்த பள்ளிவாசலின் திறப்பு விழாவுக்கு ஊர் இந்துக்கள் பழம், வெற்றிலை பாக்கு, இனிப்பு என்று சீர்வரிசைத் தட்டு ஏந்தி வருவார்கள். அல்லது கோயில் குடமுழுக்குக்கு ஜமாஅத்தார் அதேபோலத் தட்டு எடுத்து வருவார்கள். ஆடி மாதமாக இருந்தால் மாரியம்மன் பக்தர்களுக்கு நீர்மோர். படத்துக்குக் கீழே செய்தி எப்படித் தொடங்கும் என்பது பத்திரிகை படிக்கிற எல்லோருக்கும் மனப்பாடம்: 'மத நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டாக...'

இந்தச் செய்தியில் பொய் எதுவும் இல்லை. தட்டும் உண்மை, மோரும் உண்மை, முகங்களில் தெரியும் மகிழ்ச்சியும் உண்மை. ஆனால் அந்த நிகழ்வைப் பற்றிச் சொல்ல வேறு விஷயங்களும் இருந்தன. பள்ளிவாசலைக் கட்டிய கொத்தனார் எந்த ஊர்க்காரர், மினாராவுக்கு வரைபடம் போட்டது யார், பணம் எங்கிருந்து வந்தது, மாமன் மச்சான் என்று அழைத்துக்கொள்ளும் குடும்பங்களுக்குள் அந்தப் பழக்கம் எத்தனை தலைமுறை பழையது, இரண்டு தெருக்களுக்கும் நடுவில் ஏதாவது பழைய மனத்தாங்கல் உண்டா? நிருபர் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார். மற்றவை படத்தின் ஓரத்துக்கு அப்பால் நின்றுவிட்டன. ஊடகவியலில் இந்தத் தேர்வுக்குச் சட்டகம் என்று பெயர்.

இதே வேலை உலக அளவிலும் நடக்கிறது. பாரிஸிலோ நியூயார்க்கிலோ ஓர் அருங்காட்சியகம் இஸ்லாமியக் கலைக்கூடம் ஒன்றைத் திறந்தால், மறுநாள் செய்தியில் கூடத்தின் பரப்பும் செலவும் இருக்கும். கூடவே 'பண்பாட்டுப் பாலம்', 'நாகரிகங்களின் உரையாடல்' என்ற சொற்களும் இருக்கும். செய்தி நிறுவனங்கள் வழியாக அது நம் பத்திரிகைகளின் வெளிநாட்டுப் பக்கத்துக்கும் வந்து சேர்கிறது. இந்தப் பாலச் சட்டகம் எப்படி இயங்குகிறது, அதன் வழியாக எது தெரிகிறது, எது தெரியாமல் போகிறது என்பதைப் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

சட்டகம் செய்யும் வேலை

சட்டகம் என்ற கருத்தைச் சமூகவியலில் நிலைநிறுத்தியவர் எர்விங் காஃப்மன். ஆண்டு 1974. 'இங்கே என்ன நடந்துகொண்டிருக்கிறது?' என்ற கேள்விக்கு மனிதர்கள் ஒவ்வொரு நொடியும் விடை கண்டுகொண்டே இருக்கிறார்கள் என்பது அவர் பார்வை. தெருவில் இரண்டு பேர் கட்டிப் புரண்டால் அது சண்டையா விளையாட்டா என்று நாம் உடனே தீர்மானித்துவிடுகிறோம். பிறகு பார்ப்பதையெல்லாம் அந்தத் தீர்மானத்துக்குள்தான் பொருத்திப் பார்க்கிறோம்.

1993-இல் ராபர்ட் எண்ட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைச் செய்திக்குப் பொருத்தினார். நடந்ததில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து அவற்றைத் துலக்கமாகக் காட்டுவதுதான் சட்டகம் என்றார். அது பொதுவாக நான்கு வேலைகளைச் செய்யும்: பிரச்சினை என்ன என்று வரையறுக்கும், காரணம் யார் அல்லது எது என்று காட்டும், நல்லது கெட்டது சொல்லும், பரிகாரமும் சொல்லும்.

இஸ்லாமியக் கலைக் கண்காட்சி பற்றிய செய்தியில் இந்த நான்கையும் தேடிப் பாருங்கள். பிரச்சினை: மேற்குலகத்துக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் தவறான புரிதல். காரணம்: அறியாமை. நல்லது: உரையாடல். பரிகாரம்: இந்தக் கண்காட்சிக்கு வாருங்கள், இந்த ஓடுகளையும் கம்பளங்களையும் பாருங்கள். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் காரணம் அறியாமை என்று முடிவாகிவிட்டால் படையெடுப்பு, எண்ணெய், விசா, குடியேற்றச் சட்டம் என்ற மற்றக் காரணங்களெல்லாம் அரங்கை விட்டு வெளியேறிவிடுகின்றன. ஈராக் மீது குண்டு விழுந்ததற்கும் ஈராக்கின் பீங்கான் கிண்ணத்தை யாரும் ரசிக்காததற்கும் என்ன சம்பந்தம் என்று செய்தி கேட்பதே இல்லை.

நேரம் பார்த்து வரும் செய்தி

இந்தச் சட்டகம் எப்போது பலம் பெறுகிறது என்று கவனித்தால் ஓர் ஒழுங்கு தெரியும். லண்டனில் 1976-இல் இஸ்லாமிய உலகத் திருவிழா என்று மாபெரும் கண்காட்சித் தொடர் நடந்தது. இங்கிலாந்து ராணியே தொடங்கி வைத்தார். எண்ணெய் விலை ஏறி, மேற்கு நாடுகளின் கண்கள் வளைகுடாப் பக்கம் திரும்பியிருந்த காலம் அது.

அடுத்த பெரிய அலை 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2003-இல் மூடிய இஸ்லாமியக் கலைக்கூடங்களை விரிவுபடுத்தி 2011 நவம்பர் 1 அன்று திறந்தது. 15 கூடங்கள், சுமார் 1,200 பொருள்கள். மூடியதற்கும் திறந்ததற்கும் கட்டடப் பணி சார்ந்த காரணங்கள் இருந்தன. ஆனாலும் தாக்குதலின் பத்தாண்டு நிறைவை ஒட்டிய திறப்பு என்பதால் செய்திகளில் இரண்டும் இணைந்தே வந்தன. இத்தனைக்கும் அருங்காட்சியகம் பெயர்ப் பலகையில் 'இஸ்லாமியக் கலை' என்று போடவே இல்லை. 'அரபு நாடுகள், துருக்கி, ஈரான், மத்திய ஆசியா, பிற்காலத் தெற்காசியா ஆகியவற்றின் கலை' என்று நீளமாக ஒரு பெயர் வைத்தது. மதத்தைவிட இடத்தை முன்னிறுத்தப் பார்த்தது. செய்தித் தலைப்பில் அத்தனை நீளப் பெயருக்கு ஏது இடம்? பழையபடி இஸ்லாமியக் கலை என்றே எழுதினார்கள்.

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் கதை இன்னும் துல்லியமானது. 2012 செப்டம்பர் 18 அன்று அன்றைய அதிபர் பிரான்சுவா ஒல்லாந்து இஸ்லாமியக் கலைப் பிரிவின் புதிய கூடங்களைத் தொடங்கி வைத்தார். நபிகளை இழிவுபடுத்தும் ஒரு காணொளிக்கு எதிராகப் பல நாடுகளில் போராட்டம் நடந்துகொண்டிருந்த வாரம் அது. மறுநாளே பாரிஸின் ஒரு கேலி வார இதழ் நபிகளைப் பற்றிய கேலிச்சித்திரங்களை வெளியிட்டது. 21-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, சுமார் 20 நாடுகளில் இருந்த பிரெஞ்சுத் தூதரகங்களும் பள்ளிகளும் பாதுகாப்பு கருதி மூடப்பட்டன. 22-ஆம் தேதி பொதுமக்களுக்காகக் கூடங்கள் திறந்தன. பத்தாண்டுகளாகத் திட்டமிட்ட ஒரு கட்டட வேலை ஒரே வாரத்தில் நெருக்கடிக்கு மருந்தாக மாறிவிட்டது. மதவெறிக்கு எதிராக இஸ்லாமின் பண்பாட்டு மரபையே முன்வைத்து அதிபரும் பேசினார். செய்திகளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்தக் கூடத்தின் கூரை அலையலையாக வளைந்த கண்ணாடியும் பொன்னிற உலோக வலையும் கொண்டது. அதைப் பற்றி எழுதியவர்கள் பறக்கும் கம்பளம், பாலைவன மணல்மேடு, முக்காடு, கூடாரம் என்று எதையெல்லாம் நினைவுகூர்ந்தார்கள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். வரைந்தவர்கள் மாரியோ பெல்லினி என்ற இத்தாலியரும் ரூடி ரிச்சியோத்தி என்ற பிரெஞ்சுக்காரரும். ஒரு கூரை கூட இஸ்லாமியக் கூரையாகாமல் தப்ப முடியவில்லை.

ஒரு பித்தளைப் பாத்திரம்

சட்டகம் எதை மறைக்கும் என்பதற்கு அதே லூவரில் இருக்கும் ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம். 'புனித லூயியின் ஞானஸ்நானப் பாத்திரம்' என்று அதற்குப் பெயர். எகிப்திலோ சிரியாவிலோ மம்லூக் சுல்தான்கள் ஆண்ட காலத்தில், பெரும்பாலும் 1320-க்கும் 1340-க்கும் இடையில் செய்த பித்தளைத் தொட்டி. விட்டம் சுமார் 50 சென்டிமீட்டர், உயரம் ஏறக்குறைய ஒரு சாண். உடல் முழுக்க வெள்ளியும் பொன்னும் பதித்த உருவங்கள்: குதிரை வீரர்கள், வேட்டைக்காரர்கள், அரசவைப் பணியாளர்கள், ஓடும் விலங்குகள். உள்ளே அடித்தளத்தில் மீன்கள் நெருக்கியடித்து நீந்துகின்றன. தண்ணீர் ஊற்றினால் அவை நீருக்குள் இருக்கும்.

இந்தத் தொட்டி எப்படியோ பிரெஞ்சு அரச குடும்பத்திடம் போய்ச் சேர்ந்தது. 1606-இல் பதின்மூன்றாம் லூயிக்கு இதில்தான் ஞானஸ்நானம் நடந்தது. பிரெஞ்சு அரசச் சின்னங்களைப் பிற்பாடு இதன் மேல் பதித்தார்கள். முஸ்லிம் கைவினைஞர் செய்த பாத்திரத்தில் கிறித்தவ மன்னருக்கு ஞானஸ்நானம் என்றால் பாலச் சட்டகத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? கிடைக்காது. கண்காட்சிச் செய்திகளில் இந்தத் தொட்டிக்கு எப்போதும் ஒரு பத்தி உறுதி.

இப்போது கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். புனித லூயி எனப்படும் ஒன்பதாம் லூயி 1270-இல் இறந்துவிட்டார். தொட்டி செய்ததே அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு. அவருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. அதைவிட வேடிக்கை, அந்த லூயி சிலுவைப் போருக்காக எகிப்துக்குப் படை நடத்திச் சென்று 1250-இல் அங்கே சிறைப்பட்டவர். இரண்டு உலகங்களை இணைக்கும் பாலம் என்று காட்டப்படும் பொருளின் பெயரிலேயே ஒரு போர் உட்கார்ந்திருக்கிறது. இதையெல்லாம் சொன்னால் செய்தி கெட்டுப்போகாது. சொல்லப்போனால் சுவை கூடும். ஆனால் பாலச் சட்டகத்துக்குப் போர் ஒவ்வாது. அதனால் பெயர் மட்டும் நிற்கிறது, கதை போய்விடுகிறது.

அடுத்தது, செய்தவர். முகம்மது இப்னு அல்சைன் என்பது அவர் பெயர். ஒரு முறை அல்ல, இந்தத் தொட்டியில் ஆறு இடங்களில் தன் பெயரைப் பொறித்திருக்கிறார். மம்லூக் பாத்திரங்களில் சுல்தானின் பட்டங்களை முழக்கும் பெரிய எழுத்துப் பட்டை இருப்பது வழக்கம். இதில் அது இல்லை. சுல்தான் பெயர் இல்லாத இடத்தில் தொழிலாளி ஆறு முறை தன் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறார். அவரை எத்தனை செய்திகள் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன?

சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர் ஒருவரிடம் இந்தத் தொட்டியின் படத்தைக் காட்டினால் அவர் கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும். வெள்ளி எத்தனை டச், அதாவது எவ்வளவு சுத்தம்? பற்றவைத்ததா, தட்டி இறக்கியதா? சேதாரம் எவ்வளவு போயிருக்கும்? கூலி யார் கொடுத்தது? கம்பி இழுத்து, பொடி வைத்து ஊதி, மெருகு போட்டுக் கொலுசு செய்கிறவர்களின் கண் அது. அவர் கேள்விக்கு விடையும் இருக்கிறது. இந்த வேலையில் பற்றவைப்பு இல்லை. பித்தளையில் உருவத்தின் அளவுக்குக் குழி செதுக்கி, குழியின் விளிம்பை உட்புறமாகச் சரித்து வெட்டி, மெல்லிய வெள்ளித் தகட்டை அதில் அழுத்தித் தட்டுவார்கள். தகடு விளிம்புக்கு அடியில் போய்ப் பிடித்துக்கொள்ளும். பிறகுதான் வெள்ளியின் மேல் முகம், மூக்கு, குதிரையின் கடிவாளம் எல்லாம் உளியால் கோடு கோடாக எழும். நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் கறுப்புப் பசை நிரப்புவார்கள். இந்த நான்கு வரிகளைப் படித்தவருக்கு அந்தப் பாத்திரம் ஒரு சின்னமாகத் தோன்றாது, வேலைப்பாடாகத் தோன்றும். என்னைக் கேட்டால் பாலம் பற்றிய நாற்பது வரிகளைவிட இதுதான் ஒரு மம்லூக் காலத் தொழிலாளியைச் சேலத்து வாசகருக்கு அருகில் கொண்டுவரும்.

சுங்கம் யார் கட்டினார்கள்?

பாலத்தைக் கடந்து பொருள் எப்படி வந்தது என்பதும் செய்தியில் பெரும்பாலும் இராது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் பெருமை அர்தபில் கம்பளம். ஈரானில் ஒரு சூஃபி தர்காவுக்காக நெய்தது. ஹிஜ்ரி 946, அதாவது 1539-40 என்று ஆண்டும், காஷானைச் சேர்ந்த மக்சூத் என்ற பெயரும் அதிலேயே இருக்கின்றன. நிறம் மங்காமல் இருக்க ஒவ்வொரு அரை மணிக்கும் பத்து நிமிடம் மட்டுமே அதன் மேல் விளக்கு எரியும். 1893-இல் 2,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். அது ஒரு ஜோடிக் கம்பளம். ஒன்றின் துண்டுகளை வெட்டி எடுத்து இன்னொன்றின் கிழிசலை ஒட்டுப் போட்டு முழுமையாக்கி விற்றார்கள். வெட்டுப்பட்ட கம்பளம் இன்று அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறது. பாலத்தின் ஒரு முனையில் தரை வெறுமையாகிப்போன ஒரு தர்கா உண்டு என்பதை யாராவது ஒரு வரி எழுதலாம்.

பெர்லினில் இருக்கும் முஷத்தா அரண்மனையின் முகப்பு இன்னொரு வகை. இன்றைய ஜோர்டானில் எட்டாம் நூற்றாண்டில் உமய்யா என்ற அரபு அரச மரபின் ஆட்சிக்காலத்தில் எழுப்பியது. உதுமானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அதை ஜெர்மானியப் பேரரசர் வில்ஹெல்முக்கு 1903-இல் நட்புப் பரிசாகக் கொடுத்துவிட்டார். கொத்துக்கொத்தாகச் செதுக்கிய சுண்ணாம்புக்கல் சுவரைக் கழற்றிக் கப்பலேற்றினார்கள். நட்பு என்பது மெய்தான். இரண்டு அரசர்களுக்கு இடையே.

இன்று பணம் எதிர்த்திசையிலிருந்தும் வருகிறது. லூவர் கூடங்களுக்குச் சவூதி இளவரசர் அல்வலீத் 1.7 கோடி யூரோ கொடுத்தார். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் 2018 அக்டோபரில் திறந்த இஸ்லாமிய உலகக் கூடத்துக்கு மலேசிய அறக்கட்டளை ஒன்றின் நிதி. கத்தார் ஒருபடி மேலே போய்ப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஐ.எம்.பெய்யைக் கொண்டு தோஹாவில் கடலோரம் சொந்தமாகவே ஓர் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தை 2008-இல் திறந்தது. 2022 உலகக் கோப்பைக் கால்பந்துக்குச் சற்று முன்பு அதைப் புதுப்பித்து மறுபடி திறந்தது. பணம் கொடுத்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. யார் செலவில் பாலம் எழும்புகிறதோ அவர் ஊரும் அதன் வழியாக நல்ல பெயர் சம்பாதிக்கிறது என்பது செய்தியின் ஒரு பகுதி. அதை விட்டால் செய்தி பாதியாகிவிடும், அருங்காட்சியகத்தின் அறிக்கை மட்டும் முழுதாக மிஞ்சும்.

எந்தக் கரை?

எனக்கு இந்தச் சட்டகத்தில் இருக்கும் பெரிய மனக்குறை வேறு. பாலம் என்று சொன்ன மாத்திரத்தில் இரண்டு கரைகள் இருந்தே ஆக வேண்டும். ஒரு கரையில் 'அவர்கள்', மறு கரையில் 'நாம்'. பிரிவை ஆற்ற வந்த சொல் முதலில் பிரிவை நட்டுவைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறது.

தமிழில் இது எவ்வளவு பொருந்தாமல் போகும் என்று பார்க்க உமறுப் புலவரிடம் போகலாம். 17-ஆம் நூற்றாண்டில் நபிகளின் வாழ்க்கையை 5,027 விருத்தங்களில் சீறாப்புராணமாகப் பாடியவர். நாட்டுப் படலத்தில் அவர் வருணிக்கும் அரபு நாட்டில் மேகம் கடல் நீரை முகந்து மலையில் பொழிகிறது, வெள்ளம் பெருகி மருத நிலத்துக்குள் பாய்கிறது, வயலில் உழவர்கள் நாற்று நடுகிறார்கள். பாலைவனத்தில் நெல் வயலா என்று கேட்பவருக்குத் தமிழ்க் காப்பிய மரபு தெரியாது என்று அர்த்தம். நாட்டை வாழ்த்துவதென்றால் நீர் வளத்தைப் பாடியாக வேண்டும். உமறு தமிழுக்கும் இஸ்லாமுக்கும் பாலம் அமைத்தார் என்று மேடையில் சொல்வார்கள், பத்திரிகையிலும் எழுதுவார்கள். அவர் எந்தக் கரையில் நின்று எந்தக் கரைக்குப் பாலம் போட்டார்? இரண்டும் அவர் வீடுதான். வீட்டின் கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போக யாரும் பாலம் கட்டுவதில்லை.

நாகூர் தர்காவின் மினாராக்களில் மிக உயரமானது 131 அடி. எழுப்பியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். சென்னை திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் 1795-இல் கட்டியது. அதில் கல்லில் இருக்கும், கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கவிதையை எழுதியவர் ஆற்காட்டு நவாபிடம் பணியாற்றிய மக்கன் லால் என்ற இந்து. கந்தூரி வந்தாலும் ரமலான் வந்தாலும் இந்த இரண்டு தகவல்களும் நல்லிணக்கச் செய்தியில் ஆஜராகிவிடும். வரட்டும். ஆனால் ஓர் அரசர் தன் ஆட்சிப் பகுதியில் இருந்த பெரிய தலம் ஒன்றுக்குத் திருப்பணி செய்வதும், பாரசீகம் அலுவல் மொழியாக இருந்த அவையில் ஓர் அதிகாரி பாரசீகத்தில் கவி எழுதுவதும் அன்றைக்கு இயல்பான காரியங்கள். நாம் இன்று நிற்கும் இடத்திலிருந்து திரும்பிப் பார்ப்பதால் அது அதிசயமாகத் தெரிகிறது.

'இஸ்லாமியக் கலை' என்ற தொகுப்பே ஐரோப்பிய அறிஞர்களும் சேகரிப்பாளர்களும் 19-ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தது. ஸ்பெயினிலிருந்து வங்காளம் வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளின் குர்ஆன் பிரதி, மது அருந்தும் கிண்ணம், வாள், பட்டுத்துணி எல்லாம் அதில் ஒரே கூரையின் கீழ். பெர்லின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தின் மிக அழகிய அறைகளில் ஒன்று அலெப்போ அறை. 1600-களின் தொடக்கத்தில் வண்ணம் தீட்டிய மரச் சுவர்ப் பலகைகள். வீட்டுக்காரர் ஈசா இப்னு புத்ருஸ் என்ற கிறித்தவ வணிகர். கன்னி மேரியும் குழந்தையும் அதில் உண்டு. அரபு மொழியில் விவிலியச் சங்கீத வரிகளும் உண்டு. பாரசீக ஓவியப் பாணியும் உண்டு. இது எந்த மதத்தின் கலை? அலெப்போவின் கலை என்று சொன்னால் யாருக்கும் கஷ்டம் இல்லை.

நம்மூரில் எதிர்ப்பக்க உதாரணம் பத்தமடைப் பாய். கோரையை ஊறவைத்துச் சன்னமாகக் கிழித்துப் பட்டுப்போல நெய்கிறவர்கள் அங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள். மணமக்களின் பெயர் நெய்த பாய் எல்லா மதக் கல்யாணங்களுக்கும் போகிறது. எந்தச் செய்தியாளரும் இதை இஸ்லாமியக் கலை என்று எழுதுவதில்லை. குவிமாடமும் எழுத்தணியும் இல்லாவிட்டால் சட்டகத்தின் கண்ணில் படாது போலும். ஏற்காட்டுக் காப்பியும் அப்படித்தான். ஏமனில் சூஃபிகள் இரவு விழித்திருந்து தியானிக்கக் குடித்த பானம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் பயிரிடத் தொடங்கியதிலிருந்து அது மலைச்சரிவெங்கும் நிற்கிறது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பண்பாட்டுப் பாலம் என்று யாரும் உருகுவதில்லை, நல்லவேளை.

விட்டுவிடவும் முடியாது

அப்படியானால் இந்தச் சட்டகமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். முஸ்லிம்கள் செய்திக்குள் வருவதே குண்டு வெடித்தால்தான் என்றிருந்த காலத்தில், ஒரு கம்பளத்தின் பொருட்டாவது வேறு ஒரு பக்கத்தில் அவர்கள் தென்பட்டது நல்லதுதான். மோதல் செய்தியையும் பாலச் செய்தியையும் தட்டில் வைத்தால் என் கை பாலத்தின் பக்கம்தான் போகும்.

ஆனால் இரண்டும் ஒரே நாணயத்தின் பக்கங்கள் என்று அமெரிக்க மானிடவியலாளர் ஜெசிக்கா வைனிகர் 2008-இல் எழுதியதில் நியாயம் இருக்கிறது. 2001-க்குப் பிறகு அமெரிக்காவில் எந்தக் கலைகளுக்கு மேடை கிடைத்தது என்று அவர் கவனித்தார்: பழங்கால இஸ்லாமியச் சாதனைகள், சூஃபி இசை, முஸ்லிம் பெண் கலைஞர்களின் படைப்புகள். முஸ்லிம்களும் மனிதர்கள்தான் என்று நிரூபிக்கும் வேலை கலையின் தலையில் விழுந்தது. ஒரு பிரெஞ்சு ஓவியரின் படத்தை எவரும் கத்தோலிக்கர்களின் நற்சான்றிதழாகப் பார்ப்பதில்லை. மம்லூக் தொட்டி மட்டும் ஏன் சான்றிதழ் ஆக வேண்டும்?

நன்றாகச் செய்யலாம் என்பதற்கும் உதாரணம் உண்டு, அதே பெர்லினில். சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் அகதிகளாக வந்தவர்களை அருங்காட்சியக வழிகாட்டிகளாகப் பயிற்றுவிக்கும் 'முல்தக்கா' திட்டம் 2015-இல் தொடங்கியது. அவர்கள் அரபு மொழியிலேயே பார்வையாளர்களுக்குச் சுற்றிக் காட்டினார்கள். இஸ்லாமியக் கலைக்கூடத்தோடு நிற்காமல் ஜெர்மன் வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் அழைத்துப் போனார்கள். போரில் இடிந்த ஜெர்மன் நகரங்கள் மறுபடி எழுந்த கதை, வீடு இழந்து வந்தவர்களுக்கு என்ன பொருள் தரும் என்று விளக்க வேண்டியதில்லை. இங்கே பேசுகிறவர் யார் என்பது மாறிவிட்டது. இதைப் பற்றி வந்த செய்திகளிலும் பாலம் தலைகாட்டியது உண்மைதான். ஆனால் அவற்றில் ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்கு ஊர் இருந்தது, அலெப்போ அறையைப் பார்த்து அவர்கள் சொல்ல வேண்டியதும் இருந்தது.

சேலத்திலிருந்து ஒரு செய்தி எழுதினால்

நவம்பர் 18-ஐ உலக இஸ்லாமியக் கலை நாளாக யுனெஸ்கோ 2019-இல் அறிவித்தது. அந்த நாளுக்காக நம் ஊரிலிருந்து ஒரு செய்தி எழுத வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். எவர் காலும் முதலில் நடப்பது திருமணிமுத்தாற்றங்கரையில் இருக்கும் ஜாமிஆ மஸ்ஜித்தை நோக்கித்தான். சேலத்தின் மிகப் பழைய பள்ளிவாசல். திப்பு சுல்தான் இங்கே தொழுதார் என்று சொல்வார்கள். 1792 உடன்படிக்கையில் இந்தப் பகுதியை ஆங்கிலேயர்களிடம் விட்டுக்கொடுக்கும் வரை இது மைசூர் ஆட்சியில் இருந்ததால் அந்தப் பேச்சு இங்கே ஊன்றி நிற்கிறது. கொஞ்ச தூரத்தில் கோட்டை மாரியம்மன். பாலச் செய்தி தன்னைத்தானே எழுதிக்கொள்ளும்: ஆறு, கோயில், பள்ளிவாசல், நல்லிணக்கம். திப்புவின் பெயர் வந்ததும் மோதல் செய்தியும் அதே வேகத்தில் தன்னைத்தானே எழுதிக்கொள்ளும். இரண்டுக்கும் நிருபர் அந்த இடத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

போனவர் வேறு கேட்கலாம். இன்றைய கட்டடத்தில் பழைய சுவர் எது, பிற்காலத்தில் சேர்த்தது எது? கல் எந்தக் குன்றிலிருந்து வந்தது? தூண் இருந்தால் அதைச் செதுக்கிய கை கோயில் தூண் செதுக்கிய கையா? எழுத்தணி இருந்தால் அதை எழுதியவர் உள்ளூர்க்காரரா, இல்லை அச்சுப் பலகை வைத்துப் போட்டதா? கடைசியாகப் பழுது பார்த்தது எப்போது, சுண்ணாம்பா சிமென்டா, எதனால்? வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வருகிற முதியவர்கள் அந்தக் கட்டடத்தில் எந்த மாற்றத்தை இன்னமும் பொறுத்துக்கொள்ள முடியாமல் இருக்கிறார்கள்? இப்படிக் கேட்டுப் போனால் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியோடு கல்தச்சர், கொத்தனார், பெயின்டர் எல்லோரும் செய்திக்குள் பெயரோடு வந்துவிடுவார்கள். தலைப்பில் பாலம் என்று போடுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு ஆசிரியர் குழு முடிவு செய்துகொள்ளட்டும்.